வீட்டுக் கணினியின் ஃபோல்டர் வெளியூரில் திறக்கவில்லையா? அடைப்பைக் கண்டுபிடிக்கும் முறை

வீடு அவிநாசியில், வேலை திருப்பூரில். பனியன் துணியில் அச்சடிக்கும் டிசைன்களை இரவில் வீட்டுக் கணினியில் வரைவேன். பகலில் பிரிண்டிங் பட்டறைகளில் இருப்பேன். "போன வருசம் போட்டமே, அந்த ரெண்டு கலர் டிசைன் இருக்குங்களா? பார்ட்டி மறுபடி கேக்கறாங்க" என்று ஒருவர் எதிரில் நின்று கேட்கும்போது, கோப்பு வீட்டில் இருக்கிறது, ராத்திரிதான் எடுக்க முடியும் என்று சொல்வது பெரிய சங்கடம். அதற்காகத்தான் வீட்டு ஷேர் ஃபோல்டரை வெளியிலிருந்து திறக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு கோபியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமாவுக்கு, கரூரில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் நண்பருக்கு என்று பலருக்கும் இதே வேலையைச் செய்து கொடுத்தேன்.

கோளாறு ஒவ்வொரு இடத்திலும் வேறு. தேடும் முறை மட்டும் ஒன்றுதான். சொட்டுநீர்க் குழாயில் கடைசித் தென்னைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் ஓடுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று கிணற்றடியிலிருந்துதானே பார்த்துக்கொண்டு வருவோம்? இங்கேயும் அப்படித்தான். கணினியில் தொடங்கி, வீட்டு வைஃபை, ரவுட்டர், வெளி இணைப்பு என்று ஒவ்வொரு கட்டமாக வெளியே வாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆரம்பிக்கும் முன்: 445-ஐ வெளியே திறக்காதீர்கள்

விண்டோஸின் ஃபோல்டர் பகிர்வு 445 என்ற போர்ட் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக நடக்கிறது. "ரவுட்டரில் 445-ஐ ஃபார்வர்ட் செய்தால் போதும்" என்று யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள்; வெளியிலிருந்து அந்த வாசலுக்கு வருவதை ரவுட்டர் நேரே வீட்டுக் கணினிக்கு அனுப்பும்படி வைப்பதுதான் ஃபார்வர்ட். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை என்ற வைரஸ், இந்தப் பகிர்வு முறையின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களின் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன. 445 திறந்திருக்கும் முகவரிகளைத் தேடித் தானியங்கி நிரல்கள் இன்றும் இரவு பகலாக இணையத்தைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. இணைய நிறுவனங்கள் பலவும் இந்தப் போர்ட்டைத் தங்கள் பக்கத்திலேயே அடைத்துவிடுகின்றன. அதனால் ஃபார்வர்ட் செய்தாலும் பல இடங்களில் வேலை செய்யாது. வேலை செய்தால் அது இன்னும் ஆபத்து.

சரியான வழி விபிஎன். வெளியில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் ஒரு பூட்டிய குழாய் போட்டு, அதற்குள்ளே ஃபோல்டரைத் திறப்பது. வயர்கார்டு, டெய்ல்ஸ்கேல் இரண்டில் ஒன்று வீட்டுக்குப் போதும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் இணைய இணைப்புதான் தீர்மானிக்கும். கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

வீட்டுக்குள் திறக்கிறதா?

வெளியூர்ப் பிரச்சினை என்று என்னிடம் வந்தவற்றில் நிறைய, வீட்டுக்குள்ளேயே திறக்காதவை. அதே வைஃபையில் இன்னொரு லேப்டாப்பை இணைத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டுக் கணினியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை) அடியுங்கள்: \\192.168.1.10 என்பது போல. இடப்பக்கம் இருக்கும் 'நெட்வொர்க்' படத்தைச் சொடுக்கிப் பார்த்து, கணினி தெரியவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் பட்டியல் ஒரே வைஃபைக்குள் கூவிக் கூப்பிட்டுச் சேகரிப்பது. சில நாள் காட்டும், சில நாள் காட்டாது. விபிஎன் வழியாகப் பெரும்பாலும் காட்டவே காட்டாது. எண்ணை அடித்துத் திறப்பதே சோதனை.

திறக்காவிட்டால் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் இதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள், ஆனால் பாதி விடை அதில்தான் இருக்கிறது. கமாண்ட் விண்டோவில் 53 என்றோ, பெட்டியில் 80070035 என்று முடிகிற எண்ணோ வந்தால், கணினியையே எட்ட முடியவில்லை. அதாவது முகவரி தவறு, கணினி தூங்குகிறது, அல்லது ஃபயர்வால் மறிக்கிறது. 67 வந்தால் கணினி கிடைத்துவிட்டது, ஷேர் பெயரில்தான் தப்பு. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை. 5 என்றால் உள்ளே விட்டுவிட்டது, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி இல்லை.

53-க்கு முதலில் பார்க்க வேண்டியது, வீட்டுக் கணினியில் அந்த வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கிறதா என்பது. விண்டோஸ் புது இணைப்பை வழக்கமாகப் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் பகிர்வு அடைபட்டிருக்கும். செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து 'பிரைவேட்' ஆக்குங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கென்று ஒரு ஃபயர்வால் இருக்கலாம். விண்டோஸில் திறந்ததை அது மூடி வைத்திருக்கும்.

1326 வந்தால் நிதானமாக யோசியுங்கள். காலையில் கணினியைத் திறக்க நீங்கள் அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது. எல்லாவற்றுக்கும் எளிய வழி, பகிர்வுக்கென்றே வீட்டுக் கணினியில் ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, நீளமான கடவுச்சொல் வைத்து, அந்தப் பயனருக்கு மட்டும் ஃபோல்டரைத் திறந்துவிடுவது. நான் எங்கே போனாலும் இதைத்தான் செய்கிறேன். முன்பு தவறாக அடித்த கடவுச்சொல்லை லேப்டாப் நினைவில் வைத்திருக்கும். கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் அதை அழித்துவிடுங்கள்.

5 வந்தால் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்: ஃபோல்டர் பண்புகளில் 'ஷேரிங்' ஒன்று, 'செக்யூரிட்டி' இன்னொன்று. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். ஒன்றில் மட்டும் பெயரைச் சேர்த்துவிட்டு முட்டிக்கொண்டிருப்பவர்களே அதிகம்.

ரவுட்டரின் பின்னால் பென்டிரைவைச் செருகிப் பகிர்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ரவுட்டர்கள் பல அந்த ஓட்டைப் பதிப்பான முதல் பதிப்பில்தான் பகிர்கின்றன. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது கணினியில் தானாக நிறுவப்படுவதில்லை. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு ஏற்பதில்லை. அதற்காகப் பழையதை மறுபடி இயக்காதீர்கள். கோப்புகளை ஒரு கணினிக்கு மாற்றி அங்கிருந்து பகிருங்கள்.

வீட்டுக்குள் திறந்துவிட்டதா? அப்புறம் ஒரே ஒரு வேலை. ரவுட்டருக்குள் போய், வீட்டுக் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் இன்று 10 என்று முடிந்த முகவரி, ஒரு மின்தடைக்குப் பிறகு 14 ஆகிவிடும்.

உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வர வாசல் இருக்கிறதா?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து 'வான்' (WAN) முகவரியை, அதாவது வெளி இணைப்பின் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பிறகு அதே வைஃபையில் பிரவுசரைத் திறந்து "என் ஐபி என்ன" என்று தேடி, வரும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் உங்களுக்கு நேரான வாசல் இருக்கிறது.

இரண்டும் வேறு என்றால் இரண்டு சாத்தியம் உண்டு. வான் முகவரி 192.168 என்று தொடங்கினால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: ஃபைபர்காரர் மாட்டிய பெட்டி ஒன்று, நீங்கள் கடையில் வாங்கியது ஒன்று. முன்னால் இருக்கும் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பைக் கடத்தி மட்டும் விடும் முறை) மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது இரண்டிலும் ஃபார்வர்ட் செய்யுங்கள்.

வான் முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ளவற்றில் ஒன்றாக இருந்தால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. உலகில் ஐபிவி4 வகை முகவரி எண்கள் தட்டுப்பாடு என்பதால் இதற்கென்றே 2012-இல் அந்த எண்வரிசையை ஒதுக்கினார்கள். (சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் எண்ணையும் இதற்குப் பயன்படுத்துகின்றன.) இந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. வளவுக்குள் இருக்கும் உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கலாம். வளவின் வெளிக்கதவு உங்கள் கையில் இல்லை. நானே இது தெரியாமல் இரண்டு இரவு ஃபார்வர்டிங் பக்கத்தோடு போராடியிருக்கிறேன். அதனால்தான் போர்ட்டைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

பங்கு முகவரிக்காரர்களுக்கு இரண்டு வழி. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான பொது முகவரி வாங்குவது ஒன்று; உங்கள் பகுதி ஃபைபர்காரரிடம் கேட்டால் கிடைக்குமா என்று சொல்வார். இன்னொன்று டெய்ல்ஸ்கேல். வீட்டுக் கணினி, லேப்டாப் இரண்டிலும் அதைப் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டும் உள்ளிருந்து வெளியே கிளம்பி நடுவில் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வாசல் திறக்க வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு தனி முகவரி கிடைக்கும். பின்சாய்வுக்கோட்டுக்குப் பின் அதை அடித்தால் ஃபோல்டர் திறக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நேரான வாசல் உள்ளவர்களும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

வயர்கார்டு போட்டால்

ரவுட்டரிலேயே வயர்கார்டு வசதி இருந்து, பொது முகவரியும் இருந்தால் அதுவும் அருமையான வழி. அதன் வழக்கமான போர்ட் 51820, யுடிபி வகை (தரவு போகும் முறைகளில் ஒன்று; டிசிபி இன்னொன்று). ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியில் போட்டால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் ஃபார்வர்ட் செய்தால் போதும். டிசிபி என்று தவறாகத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

சோதிக்கும்போது மூன்று விஷயங்கள் ஏமாற்றும்.

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் பொது முகவரிக்கு இணைத்துப் பார்க்காதீர்கள். வெளியே போய் அதே வாசல் வழியாகத் திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட் ஆக்கி, லேப்டாப்பை அதில் இணைத்துச் சோதியுங்கள்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று சொல்லும் இணையதளங்களை இதற்கு நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியை மட்டுமே பார்க்கும். மேலும் வயர்கார்டு, சரியான சாவி இல்லாமல் தட்டுபவர்களுக்குப் பதிலே சொல்லாது. எல்லாம் சரியாக இருந்தாலும் "மூடியிருக்கிறது" என்றுதான் அந்தத் தளம் காட்டும்.

மூன்றாவது, 'ஆக்டிவ்' என்று பச்சையாகக் காட்டுவது. வயர்கார்டில் அந்தப் பச்சைக்குக் குழாய் தயார் என்று மட்டுமே பொருள்; மறுமுனை பதில் சொன்னது என்று பொருள் இல்லை. 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்ற வரியை, அதாவது இரு முனைகளும் கடைசியாகக் கைகுலுக்கியது எப்போது என்பதைப் பாருங்கள். அங்கே சில நொடிகள், ஒரு நிமிடம் என்று நேரம் ஓடினால் வீட்டைத் தொட்டுவிட்டீர்கள். அந்த வரியே இல்லை என்றால் சாவி, முகவரி, போர்ட் மூன்றில் ஒன்று தவறு.

ஹேண்ட்ஷேக் இருக்கிறது, ஃபோல்டர் மட்டும் வரவில்லை

ஆட்கள் மனம் விட்டுப்போவது இங்கேதான். விபிஎன் வந்துவிட்டது, பிறகும் 53. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். இரண்டையும் மாமா வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

முகூர்த்த சீசனில் கல்யாண ஆல்பங்களை மாமா வீட்டுக் கணினியில் வைத்துவிட்டு, கடைவீதி ஸ்டூடியோவிலிருந்து எடுக்கப் பார்த்தார். "ஏன் சாமி, இணைச்சீர் படமெல்லாம் வீட்ல இருக்குது, இங்க ஒண்ணும் வரமாட்டீங்குது" என்று ஃபோன் செய்தார். போய்ப் பார்த்தேன். ஸ்டூடியோ ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 192.168.1.1. வீட்டு ரவுட்டரிலும் அதே எண். லேப்டாப் 192.168.1.10-ஐத் தேடும்போது, அது வீட்டில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஸ்டூடியோவுக்குள்ளேயே தேடிவிட்டு, இல்லை என்று திரும்பிவிட்டது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் தபால்காரர் பக்கத்துத் தெருவுக்குத்தானே முதலில் போவார்.

தீர்வு, வீட்டு எண்வரிசையை யாரும் வழக்கமாக வைக்காத ஒன்றாக மாற்றுவது. 192.168.73 என்று வைத்தோம். ரவுட்டரின் முகவரி, கணினிக்குச் செய்த முன்பதிவு, வயர்கார்டில் 'அலவ்டு ஐபீஸ்' என்ற வரி மூன்றையும் மாற்ற வேண்டும். கையால் முகவரி போட்டுவைத்த பொருள்கள் பழைய எண்ணிலேயே நின்றுவிடும் என்பதையும் மறக்காதீர்கள். மாமா வீட்டில் பிரிண்டரும் கேமரா டிவிஆரும் அன்று மாலை காணாமல் போய், அவற்றுக்கும் புது எண் கொடுத்த பிறகுதான் அத்தை நிம்மதியானார்.

இரண்டாவது காரணம் விண்டோஸ் ஃபயர்வாலின் 'ஸ்கோப்'. பிரைவேட் இணைப்பில் ஃபோல்டர் பகிர்வை விண்டோஸ் திறந்துவிடும்போது, 'லோக்கல் சப்நெட்' என்று ஒரு வரம்போடுதான் திறக்கும். அதே எண்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும் கதவு. விபிஎன் வழியாக வரும் நீங்கள் 10.8.0.2 போன்ற வேறு எண்ணோடு வருகிறீர்கள்; வீட்டுக்குள்ளேதான் நிற்கிறீர்கள், ஆனாலும் அந்நியர். பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனை) செய்தாலும் இதே வரம்பு மறிப்பதால் கணினி செத்துவிட்டது போலத் தெரியும். அதனால் முதலில் வீட்டு ரவுட்டரை, அதாவது 192.168.73.1-ஐ, பிங் செய்யுங்கள். ரவுட்டர் பதில் சொல்கிறது, கணினி சொல்லவில்லை என்றால் குழாய் நன்றாக இருக்கிறது, கணினியின் ஃபயர்வால்தான் மறிக்கிறது.

சரிசெய்ய: வீட்டுக் கணினியில் டிஃபெண்டர் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பக்கம், 'இன்பவுண்ட் ரூல்ஸ்', அதில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' வரிகளில் எஸ்எம்பி-இன் என்றிருப்பது (எஸ்எம்பி என்பது இந்தப் பகிர்வு முறையின் பெயர்). அதன் பண்புகளில் 'ஸ்கோப்' தாவலில், 'ரிமோட் ஐபி' பகுதியில் லோக்கல் சப்நெட்டை அப்படியே விட்டுவிட்டு, கூடவே உங்கள் விபிஎன் வரிசையை மட்டும் சேருங்கள்: 10.8.0.0/24 என்பது போல. டெய்ல்ஸ்கேலில் மறித்தால் 100.64.0.0/10. 'எனி' என்று எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். ஃபயர்வாலையே அணைக்கவும் வேண்டாம். சேர்த்த பிறகு லேப்டாப்பின் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை வீட்டுக் கணினியின் முகவரியோடும் 445 என்ற போர்ட் எண்ணோடும் ஓட்டினால், கடைசி வரியில் 'ட்ரூ' வர வேண்டும்.

திறக்கிறது, ஆனால் நின்று நின்று போகிறது

ஃபோல்டர் பட்டியல் வருகிறது, சின்னக் கோப்பு திறக்கிறது, பெரிய கோப்பு பாதியில் உறைகிறது என்றால் எம்டியு அளவை, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவைச் சந்தேகியுங்கள். குழாய்க்குள் குழாய் போட்டதால் ஒவ்வொரு பொட்டலமும் கொஞ்சம் பெருத்து, வழியில் எங்கோ ஓரிடத்தில் நுழைய முடியாமல் போகிறது. வயர்கார்டு பொதுவாக 1420 வைக்கும். லேப்டாப் பக்கத்து அமைப்பில் 1280 என்று குறைத்துப் பாருங்கள்.

உறையாமல் மெதுவாக மட்டும் வந்தால், வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். வெளியே நீங்கள் இறக்குவது வீட்டுக்குப் பதிவேற்றம். இந்தப் பகிர்வு முறை ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கும் வழக்கமுடையது. தூரம் கூடினால் இழுக்கும். டிசைன் கோப்பை அங்கிருந்தே திறந்து வேலை செய்யாதீர்கள். லேப்டாப்புக்கு நகலெடுத்து, வேலை முடித்து, திரும்ப வையுங்கள். இடையில் சிக்னல் போனால் வீட்டில் இருக்கும் மூலக்கோப்பு கெடாமல் இருக்கவும் இது வேண்டும்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

பெரும்பாலும் மின்சாரமோ தூக்கமோதான். வீட்டுக் கணினியின் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் கணினி தானாக எழ வேண்டும் என்றால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே கணினியில் திறக்கும் அமைப்புப் பக்கம்) மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற அமைப்பு இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் கண்ணிமைக்கும் மின்வெட்டுகளில் இணைப்பு அறுவது நிற்கும். வயர்கார்டுக்காரர்களுக்குப் பொது முகவரி மாறியிருக்கலாம். ரவுட்டரில் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் எண்ணைப் பின்தொடரும் ஒரு பெயர்) வைத்து, எண்ணுக்குப் பதில் பெயரைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ரவுட்டருக்குள் ஒரு முறை திரும்பப் போய், நடுவில் சோதனைக்காகத் திறந்த போர்ட்களை எல்லாம் அழியுங்கள். யுபிஎன்பி (நிரல்கள் கேட்டால் ரவுட்டர் தானாகப் போர்ட் திறந்துவிடும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். இந்த வேலையை அசதியில் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் நான்கு விவரங்களோடு கேளுங்கள்: வீட்டுக்குள் திறக்கிறதா, வான் முகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது, ஹேண்ட்ஷேக் நேரம் ஓடுகிறதா, பிழை எண் என்ன. மாமா புதுக் கணினி வாங்கி மாற்றிய அன்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்: "வீட்ல தொறக்குது சாமி. ஹேண்ட்ஷேக்கும் ஓடுது. ரவுட்டர் பிங் வருது, கம்ப்யூட்டர் வரல. 53 காட்டுது." பட்டறையில் நின்றபடியே பதில் சொன்னேன்: "புது கம்ப்யூட்டர்ல ஸ்கோப் சேர்க்கலீங்க மாமா."